நாலரைக் கட்டை

அக்டோபர் 12, ஞாயிறு

நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. என்னையும் உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார்கள். காபி வந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் மூன்று சபைகள் சேர்ந்து பாடப் போகின்றனவாம். பாடகர் குழுவை நடத்தும் டைட்டஸ் ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தான். "மாமா, எல்லாம் நோட்டேஷன்ல இருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு சுருதி, ஒவ்வொரு கட்டை" என்றான்.

"எனக்கு ஒரே கட்டைதான். நாலரை."

"அதான் மாமா சங்கடம்."

"விறகுக் கடைக்காரருக்குக் கட்டை தெரியாமலா போயிரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. குரலை வைத்தே தெரியும்.

புதுப் போதகர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, ஹெப்சி டீச்சர்னு ஒருத்தங்க கீபோர்டு வகுப்பு எடுக்காங்க. கொஞ்ச நாள் போய்ட்டு வாங்க. நவம்பர் கடைசி ஞாயிறு ஒத்திகை வைப்போம். கட்டை மாத்தி வாசிச்சிட்டா கிறிஸ்துமஸுக்கு நீங்கதான். இல்லேன்னா டைட்டஸோட தங்கச்சி வாசிக்கட்டும்" என்றார்.

நாற்பது வருஷமாகக் கோயிலில் வாசிக்கும் இருக்கையில் நான்தான் உட்காருகிறேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, உடம்பிலிருக்கும் மரத்தூளைக் கழுவிவிட்டு, கோயிலின் பின்னறையில் கிடந்த பழைய ஆர்மோனியத்தில் நானாகப் பழகினேன். அதன் வெள்ளைக் கட்டைகள் ஈரத்தில் ஊறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றை அழுத்தினால் மூன்று இறங்கும். கறுப்புக் கட்டைகள் தனித்தனியாக எழும்பி நிற்பதால் ஒட்டாது. அதனால் கறுப்பில் பழகினேன். ஐந்து கறுப்பு, ஒட்டாமல் தப்பித்த இரண்டு வெள்ளை. எந்தப் பாட்டும் அதில் அடங்கிவிடும். அதற்கு நாலரைக் கட்டை என்று பெயர் இருப்பதே பிறகுதான் தெரியும். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் நாலரைக் கட்டையை வாயால் பிடித்துக் காட்டுவேன்.

வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கற்க ஒன்றுமில்லை என்பதைக் காட்டுவதற்காக.

அக்டோபர் 15, புதன்

மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது. வாசலில் பலகை: "எல்லா வயதினருக்கும், எல்லா நிலையினருக்கும் தனி இசை வகுப்பு." எல்லா நிலையினர் என்றால் என்ன என்று உள்ளே போனதும் புரிந்தது. கால் தரைக்கு எட்டாத ஒரு சிறுமி. நகைக் கடைக் கணக்கர் ஒருவர். எங்கள் சபை எஸ்தர் சிஸ்டர். பெரியாஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, டாக்டர் சொன்னாரென்று இடது கையால் வாசிக்கப் பழகுகிறாராம்.

"அண்ணாச்சி, நீங்களா? சொல்லிக் குடுக்கவா வந்திருக்கிய?"

"பாக்க வந்தேன்" என்றேன்.

ஹெப்சி டீச்சருக்கு நாற்பது இருக்கும். என்னை அங்கிள் என்கிறது. "கட்டை விரல இந்த வெள்ளைல வைங்க அங்கிள்."

"நான் கட்டை விரலை உபயோகிக்கிறதில்லை."

"அப்ப அது எதுக்கு இருக்கு?"

"சுண்ணாம்பு தடவ."

சிறுமி சிரித்துவிட்டது. டீச்சரும் சிரித்தது. சிரிக்க வைப்பதற்காக நான் சொல்லவில்லை. முக்கால் மணி நேரமும் வெள்ளையைத் தொடவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆராதனை நன்றாக நடந்தது. வழக்கம்போல் என் வீட்டுக்காரி சொர்ணம் முதலில் போய், கீபோர்டுக்கு ஸ்விட்ச் போட்டு, தூசி துடைத்து, அவள் பூவேலை செய்த துணியைப் பொத்தான்கள் மேல் விரித்து வைத்தாள். எனக்கு இடுப்பை வளைத்து பிளக் மாட்ட முடியாது. அந்த மினுக்குகிற விளக்குகளும் கண்ணுக்கு ஆகாது. வாசிப்பவனுக்கு எதற்கு விளக்கு?

ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். பழைய ஆர்கனில் நான் வாசித்த கடைசி வருஷங்களில் சபை வாயே திறக்காது. முணுமுணுப்பார்கள். பெண்கள் பக்கம் இருமல்தான் கேட்கும். சொர்ணம்கூடத் தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு பாடகர் குழுவை விட்டு நின்றுவிட்டாள். கழுத்து வலி என்றாள். புதுக் கீபோர்டு வந்து நான் அதில் வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் சபை மறுபடியும் பாடியது. சொர்ணமும் முதல் வரிசையில் நின்று பாடுகிறாள். இது யாருடைய வாசிப்பால் நடந்தது என்று கமிட்டி யோசிக்கட்டும்.

அக்டோபர் 22, புதன்

டீச்சரின் கீபோர்டு சரியில்லை.

எஸ்தர் சிஸ்டருக்குக் கை வலிக்கிறது என்றதால், நான் ஒரு கோயில் பாட்டு வாசிக்க, அவர் பாடட்டும் என்று டீச்சர் சொன்னது. ஞாயிறுதோறும் எனக்குப் பின்னால் கணீரென்று பாடுகிறவர். இன்று இரண்டாவது அடியிலேயே குரல் கீச்சிட்டு நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, கோயில்ல இவ்ளோ ஒசரம் இருக்காதே."

"அதே கட்டைதான் சிஸ்டர்."

"இல்லை அண்ணாச்சி. எனக்குக் கைதான் விழுந்திருக்கு, காது இருக்கு."

டீச்சர் போனில் எதையோ தட்டி, கீபோர்டு பக்கத்தில் பிடித்து, சுருதி சரியாகத்தான் இருக்கிறது என்றது. போனை யார் சரிபார்த்தார்களாம்?

அக்டோபர் 24, வெள்ளி

முருங்கையில் கம்பளிப்பூச்சி. மண்ணெண்ணெய்த் துணி கட்டிக் கொளுத்தினேன். சொர்ணத்துக்கு இடது முழங்கால் வீக்கம். படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதற்குக் காரணம் என் துணிகளை மாடியில் காயப்போடுவதுதான் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அக்டோபர் 29, புதன்

வகுப்புக்கு முன்னால் கோயிலுக்குப் போனேன். மணியடிக்கும் பாக்கியத்தைக் கதவைத் திறக்கச் சொல்லி, பிளக்கையும் அவனையே மாட்டச் சொல்லி, அந்தப் பாட்டை வாசித்தேன். அந்தச் சத்தத்தை அப்படியே முனகிக்கொண்டே தெருவெல்லாம் நடந்தேன். ஆட்டோக்காரன் ஒருவன் ஒதுங்கிப் போனான். மாடி ஏறி டீச்சரின் கீபோர்டில் வாசித்தேன். இரண்டும் ஒன்றே.

"அப்ப ரெண்டும் சரி. எஸ்தர் சிஸ்டர் தொண்டைதான் சரியில்லை" என்றேன்.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் பதிவு இருக்க வேண்டும்.

முழங்காலால் சொர்ணம் வரவில்லை. பாக்கியம் ஸ்விட்ச் போட்டான். துணியை நானே விரித்தேன். முதல் பாட்டு ஆரம்பித்தேன். முதல் சரணத்தில் ஆண்கள் பக்கம் தடுமாறியது. இரண்டாவதில் பெண்கள் பக்கம் இருமல். மூன்றாவதில் நானும் கீபோர்டும் மட்டும்தான் இருந்தோம். டைட்டஸ் எழுந்து கையைக் காட்டி, கீபோர்டு இல்லாமல் கீழே ஒரு சுருதியில் பிடித்தான். சபை மொத்தமும் அவன் பின்னால் போய்விட்டது. நான் கையைக் கட்டைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இது திட்டம் போட்டுச் செய்தது.

நவம்பர் 3, திங்கள்

யாரிடமும் பேசவில்லை.

நவம்பர் 5, புதன்

நடந்ததை எஸ்தர் சிஸ்டர் எனக்கு முன்பே வந்து டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்.

"அங்கிள், ஒண்ணு காட்டட்டுமா? உங்க பாட்டையே வாசிங்க."

வாசித்தேன். டீச்சர் ஒரு பொத்தானை அமுக்கியது. "இப்ப வாசிங்க." அதே கறுப்புக் கட்டைகள்தான். சத்தம் மட்டும் இறங்கியிருந்தது. இன்னொரு அமுக்கு; இன்னும் இறங்கியது. நாலாவது அமுக்கில் எஸ்தர் சிஸ்டர் தானாகப் பாட ஆரம்பித்தார். கணீரென்று. முழுப் பாட்டையும்.

"இதான் அண்ணாச்சி கோயில் சுருதி" என்றார்.

"இப்ப நீங்க வாசிச்சது நாலரை இல்ல அங்கிள், ரெண்டு கட்டை. அணைச்சுப் போட்டா பழையபடி நாலரைக்கு வந்துரும். உங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை யாராவது இத அமுக்குதாங்களா?"

யார் என்று எனக்குத் தெரியும். பித்தலாட்டக்காரன். என்னைக் கவிழ்க்க வேண்டிய அன்றைக்கு மட்டும் அமுக்காமல் விட்டிருக்கிறான்.

நவம்பர் 6, வியாழன்

டைட்டஸ் வீட்டுக்குப் போனேன். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா இந்த வேலை பாக்கே?"

"எந்த வேலை மாமா?"

"பொத்தான் அமுக்குற வேலை."

கையை நக்கிவிட்டு யோசித்தான். "மாமா, அந்தக் கீபோர்டுப் பக்கம் யாரையாவது நீங்க விட்டிருக்கியளா? போன வருசம் ஒருநா ஒயரை நவுத்துனதுக்கே ரெண்டு வாரம் எங்கூட பேசலை. உங்களுக்கு முன்னால அதுகிட்ட போறது ஒரே ஒரு ஆளுதான்" என்றான். பிறகு அவன் முகம் மாறியது. "சாப்பிடுதியளா மாமா?" என்று அவசரமாகக் கேட்டான்.

சாப்பிடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சொர்ணம் மெதுவாக நடந்து வந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று மூக்குக் கண்ணாடி துடைத்தேன். ஸ்விட்ச் போட்டாள். தூசி துடைத்தாள். துணியை விரித்தாள். விரித்த துணிக்குள் கையை விட்டாள். தோள் நாலு தடவை அசைந்தது.

போய் உட்கார்ந்து வாசித்தேன். சபை பாடியது.

நவம்பர் 10, திங்கள்

நேற்றுச் சாப்பாடு முடிகிறவரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"துணிக்குள்ள கையை விட்டு என்ன செஞ்ச?"

"தூசி துடைச்சேன்."

"நாலு தடவையா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"ஆமா. நாந்தான் அமுக்குதேன். கீபோர்டு வந்த மறு மாசத்துல இருந்து."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"அதுகூட வந்த புஸ்தகத்துல போட்டிருந்துச்சு. நீங்கதான் அதைப் பிரிக்கவே இல்லையே."

"சபை பூராவும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டிய."

"சபைக்கு ஒண்ணும் தெரியாது. பாட வந்துச்சு, பாடுனாங்க."

"ஒசரம்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன். ஆபரேசன் முடிஞ்சு கோயிலுக்கு வந்த முத நாளே சொன்னேன். எனக்கு மேல எட்டலை, கொஞ்சம் இறக்கி வாசிங்கன்னேன். தொண்டையச் சரி பண்ணு, கட்டையக் குறை சொல்லாதன்னிய."

அப்படி நான் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. அவளிடமும் அதைச் சொன்னேன்.

"சரி, சொல்லலை."

"என் மானத்தைக் காப்பாத்துறதா நெனப்பு?"

"உங்க மானம் யாருக்கு வேணும்? எனக்குப் பாடணும். எல்லாரும் பாடும்போது வாயை மூடிக்கிட்டு நிக்க முடியலை. அவ்வளவுதான்."

தட்டைக் கழுவும்போது குழாயை வேண்டுமென்றே முழுதாகத் திறந்து விட்டாள்.

இனிமேல் என் கீபோர்டைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். தொடமாட்டேன் என்றாள். அந்தத் துணியைத் துவைத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

நவம்பர் 12, புதன்

டீச்சரிடம் ரெண்டு கட்டையில் எனக்கு வாசிக்கச் சொல்லித் தரும்படி கேட்டேன். கையால். பொத்தானால் அல்ல.

எங்கே கறுப்பு இருக்க வேண்டுமோ அங்கே வெள்ளை இருக்கிறது. விரல் போய் மோதுகிறது. கட்டை விரலைச் சேர்த்தால் மற்ற நாலும் வழி மறந்துவிடுகின்றன. கால் எட்டாத சிறுமி அதே பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு வாசித்துக் காட்டியது. டீச்சர் அதைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னது. அந்த இரக்கம்தான் பொறுக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

விரலுக்கு வரவில்லை.

நவம்பர் 26, புதன்

ஒரு சரணம் வந்தது. எஸ்தர் சிஸ்டர் இடது கையால் மேசையில் தட்டினார். "எனக்கு ஒரு கை, உங்களுக்கு ஒரு கட்டை. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு அண்ணாச்சி" என்றார். டீச்சர், "கிறிஸ்துமஸுக்கு அந்தப் பொத்தானை வச்சிக்கோங்க அங்கிள், கைக்கு அடுத்த வருசம் பாப்போம். பெரிய பெரிய ஆளுங்களே அதைத்தான் அமுக்குதாங்க" என்றது.

பெரிய ஆளுங்க கீபோர்டு வந்த நாளாக நாலரை என்று சொல்லிக்கொண்டு ரெண்டில் வாசித்திருக்க மாட்டார்கள். அதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

ஒத்திகை. டைட்டஸ் தாளை விரித்தான். ரெண்டு கட்டைப் பாட்டு. முதல் சரணம் போனது. இரண்டாவதில் விரல்கள் தாங்களாகவே கறுப்புக்கு ஏறிவிட்டன. பாடகர் குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

டைட்டஸ் குனிந்து என் காதில், "மாமா, பொத்தானை அமுக்கிட்டு உங்க இஷ்டப்படி வாசிங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான்.

"எனக்குத் தெரியும்" என்று எழுந்துவிட்டேன்.

வாசல்வரை போதகர் பின்னால் வந்தார். "கொயர் பாட்டுகளை டைட்டஸ் தங்கச்சி வாசிக்கட்டும் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமையும், கிறிஸ்துமஸ் அன்னைக்கு சபையார் பாடுற முதப் பாட்டும் உங்களுக்குத்தான். ஆனா அன்னைக்கு மூணு சபைச் சனம். அவங்க பாடணும். அதை மட்டும் பாத்துக்கோங்க."

பாத்துக்கோங்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

டிசம்பர் 7, ஞாயிறு

இன்றும் துணி இல்லாமல் விளக்குகள் மினுக்கின. பொத்தானைப் பார்க்காமல் நாலரையில் வாசித்தேன். என் நாலரையில். பாதிப் பேர் திணறினார்கள். பாடட்டும், பழகிவிடும்.

கீபோர்டுக்கு நேரே முதல் வரிசை. இரண்டாவது சரணத்தில் சொர்ணம் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். கோபமாக அல்ல. முடிந்துபோன பாட்டின் புத்தகத்தை மூடுவதுபோல. மூடிய புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள்.

டிசம்பர் 10, புதன்

வகுப்பு. அதே இரண்டாவது சரணம். அதே இடம்.

டிசம்பர் 14, ஞாயிறு

சொர்ணத்தின் புத்தகம் மூடித்தான் இருந்தது.

டிசம்பர் 18, வியாழன்

நட்சத்திர விளக்கை மாடியில் கட்டினேன். வயர் எலி கடித்திருந்தது; டேப் சுற்றினேன். சொர்ணம் அச்சுமுறுக்கு சுட்டாள். வருஷா வருஷம் அச்சை எண்ணெயில் முக்கும்போது ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. கோபமா என்று கேட்டேன்.

"கோவம் எதுக்கு? நீங்க உங்க கட்டையில இருக்கிய. நான் எனக்கு எட்டுற இடத்துல இருக்கேன்."

இரண்டு முறுக்கு உடைந்திருந்தது, அதைத் தின்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

டிசம்பர் 25, வியாழன், மதியம்

விடிவதற்கு முன் எழுந்தபோது அடுக்களையில் சொர்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து சளி. மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு, நான் தூங்குகிறேன் என்று நினைத்து, முதல் பாட்டின் முதல் அடியை மெதுவாகப் பாடிப் பார்த்தாள். ரெண்டு கட்டைதான். மேல் இடத்தில் குரல் பிசிறியது. இன்னும் கீழே ஒரு இடத்தில் எடுத்துப் பார்த்தாள். அங்கே நின்றது. பிறகு தனக்குத்தானே "சரி, போதும்" என்று சொல்லிக்கொண்டு டம்ளரைக் கழுவினாள்.

அலமாரியிலிருந்து அந்தப் பூவேலைத் துணியை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதிகாலை ஆராதனைக்குக் கோயில் நிறைந்து வழிந்தது. வராந்தாவிலும் நாற்காலி. டைட்டஸின் தங்கச்சி எழுந்து எனக்கு இடம் விட்டது. உட்கார்ந்தேன். துணியை விரித்தேன். விளக்கு கண்ணுக்கு ஆகாது என்பதற்காகத்தான்.

பிறகு வாசித்தேன். ஐந்து கறுப்பும் இரண்டு வெள்ளையும். என் விரல்களில் ஒன்றுகூட இடம் மாறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். முதல் சரணத்திலேயே மூன்று சபைச் சனமும் பிடித்துக்கொண்டது. வராந்தாவிலிருந்தும் வந்தது. எஸ்தர் சிஸ்டர் குரல் எனக்குத் தெரிந்தது. முதல் வரிசையில் ஒரு புத்தகம் திறந்தது. கடைசிச் சரணம்வரை மூடவில்லை. அந்தப் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து வந்த குரலை இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சத்தங்களில் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறேன். முதல் வரிசை எனக்கு நேரே அல்லவா இருக்கிறது.

முடிந்ததும் டைட்டஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிக்காரன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பனி இறங்கிக்கொண்டிருந்தது. சொர்ணம் முழங்காலுக்காக மெதுவாக நடந்தாள். நானும் மெதுவாக நடந்தேன். தெருமுனை வந்ததும் கேட்டாள்.

"இன்னைக்கு யாரு அமுக்குனா?"

"எதை?"

"சும்மா கேட்டேன். இறங்கி இருந்துச்சு."

"பனிக்கு இறங்கியிருக்கும். மிஷின்தானே."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எப்பவும் நாலுதான் இறங்கும். இன்னைக்கு அஞ்சு இறங்கியிருக்கு."

"நல்ல பனி" என்றேன்.